பெயின்ட் இருக்கட்டும், கதவு இடுக்கைப் பாருங்கள்

பழைய எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை வாங்கப் போகிறவர் என்னைத் துணைக்குக் கூப்பிட்டால், நான் பானட்டைத் திறப்பதற்கு முன்பே ஜாக்கியை எடுத்துவிடுவேன். ஒரு பக்கத்தைத் தூக்கும்போது கதவின் பின்விளிம்பு இடுக்கு கண்ணெதிரே மாறுகிறதா, கதவு இறுகுகிறதா என்று பார்ப்பேன். மாறினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான கார் இது. இதற்கு முந்தைய மாடலான எம்ஜிஏவுக்குத் தனி சேஸ், அதாவது அடிச்சட்டம் உண்டு. இதற்குக் கிடையாது, பாடிதான் சேஸ். மேலே கூரையும் இல்லை. அதனால் வண்டி நடுவில் தொய்யாமல் தாங்குவது பெரும்பாலும் கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' பெட்டிதான். முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு, சக்கரத்தை மூடியிருக்கும் ஃபெண்டருக்குள் தங்கும். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அதில் சேர்ந்தால் பெட்டி உள்ளிருந்தே அரிக்கும்.

பட்டறைக்கு ஒரு சிவப்பு வண்டி வந்தது. 'முழுதாகப் புதுப்பித்தது' என்று சொல்லி விற்றிருந்தார்களாம். பெயின்டில் கீறல் விழாதபடி காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டினேன். பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்துக்கு ஒட்டவே இல்லை, அதாவது பெயின்டுக்கு அடியில் இரும்பு இல்லை. கிரைண்டர் வைத்ததும், பள்ளத்தை மறைக்கப் பூசியிருந்த பட்டி விரல் கனத்துக்கு உதிர்ந்தது. அதற்கடியில், அழுகிய சில்லின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்திப் பற்றவைத்திருந்தார்கள். உண்மையான சில் இரண்டு ஃபெண்டர்களுக்கு உள்ளேயும் நீளும். ஒழுங்காக மாற்ற ஃபெண்டர்களின் அடிப்பகுதியை வெட்டியாக வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பயந்துதான் இந்தப் போர்வை.

வெட்டுவதற்கு முன் பெட்ரோல் டாங்க்கை இறக்கிவிடுங்கள், பேட்டரியையும்தான். அப்புறம் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்ட் செய்து, பாடி அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்தான். புதுத் தகடுகளை முதலில் கிளாம்பில் நிறுத்தி, கதவை மாட்டிச் சாத்திப் பார்க்க வேண்டும். வெல்டிங் அதற்குப் பிறகுதான். பெட்டியை மூடியதும் உள்ளே மெழுகு அடிக்க மறக்காதீர்கள்.

துரு தரைத்தகடு வரை போயிருந்தால் ஒட்டுப்போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் விற்கும் புது ஷெல்லை, அதாவது முழு பாடியை, வாங்குவதே மேல்.

சிவப்பு வண்டியை ஒட்டுப்போட்டே காப்பாற்ற முடிந்தது. ஆனால் போர்வை போட்டவர் வண்டி தொய்ந்த நிலையிலேயே பற்றவைத்திருந்தார். போர்வையை அறுத்தெடுத்து, பாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. இடுக்கு மேலும் கீழும் ஒன்றாக வருவதற்குள் அந்த ஒரு கதவை மட்டும் பதினோரு முறை மாட்டிக் கழற்றினோம்.