ஒரே குரலுக்கு இரண்டு தராசு

"அண்ணா, குறும்படம் எடுக்கிறோம். சவுண்டுக்கு ஒதுக்கிய பணம் கொஞ்சம்தான். கடைக்காரர் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்தான் வாங்கணும், எவ்வளவு கத்தினாலும் சத்தம் உடையாது, கெயினே வைக்க வேண்டாம் என்கிறார். நிஜமா, இல்லை விற்பதற்காகச் சொல்கிறாரா?" என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்.

முக்கால்வாசி நிஜம். மீதிக் கால்வாசியில்தான் படம் மாட்டிக்கொள்ளும்.

சில வருடங்களுக்கு முன் நண்பர்களோடு எடுத்த குறும்படத்தில் ஒரு சாவு வீட்டுக் காட்சி. ஒத்திகையில் அந்த அம்மா வசனத்தை முணுமுணுத்துவிட்டுப் போனார். அந்த அளவுக்குத்தான் நான் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, வைத்தேன். டேக்கில் அவர் மகன் பெயரைச் சொல்லி அலறினார் பாருங்கள், டீ கொண்டு வந்த பையன் உட்பட எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். ராத்திரி லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் அலையின் உச்சிகள் எல்லாம் கத்தரித்துவிட்ட வேலிச்செடி மாதிரி ஒரே மட்டமாக நிற்கின்றன. காதில் விழுந்தது அலறல் இல்லை, கிழிந்த ஸ்பீக்கர். டப்பிங்கில் அவரால் அந்த அலறலைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

நடந்தது இதுதான். மைக் காற்றின் அழுத்தத்தை மின்னழுத்தமாக்கும், ப்ரீஆம்ப் அதைப் பெருக்கும், ஏடிசி என்ற சிப் வினாடிக்கு 48,000 முறை அதை அளந்து எண்ணாக எழுதும். தெரிந்த கதை. 24 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 83,88,607. குரல் அதைத் தாண்டினால் சிப்புக்கு வேறு எண் கிடையாது. அந்த அலறலின் ஒவ்வொரு உச்சியிலும் 83,88,607, 83,88,607, 83,88,607 என்று பல்லவி மாதிரி அதே எண்தான் இருந்திருக்கும். உச்சி மட்டமானால் அலையில் மூலைகள் முளைக்கும். மூலை முளைத்தால், அந்த அம்மாவின் தொண்டையில் இல்லாத உயர் அதிர்வெண்களும் கூடவே வரும். கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது.

கெயினைக் குறைத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். அப்போது முணுமுணுப்பு இரைச்சலுக்குள் புதைந்துபோகும். ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951-இல் சுவிட்சர்லாந்தில் நாக்ரா டேப் ரெக்கார்டரைச் செய்த காலத்திலிருந்து இந்த இழுபறிக்கு ஒரே மருந்து மனித விரல்தான். சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு, நடிகர் கத்துவதற்கு ஒரு நொடி முன்னால் குமிழைத் திருகுவார். நமக்கு அந்த விரல் கிடையாது, அவருக்குக் கொடுக்கச் சம்பளமும் கிடையாது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

நகைக்கடைத் தராசு மில்லிகிராம் காட்டும். அதில் ஒரு விறகுக்கட்டையை வைத்தால் கதை முடிந்தது. விறகுக்கடைத் தராசு குவிண்டால் கணக்கில் தாங்கும், ஆனால் மூக்குத்தியை வைத்தால் முள் அசையாது. எது வரும் என்று தெரியாத கடையில் என்ன செய்வீர்கள்? இரண்டு தராசையும் போட்டு, வருகிற ஒவ்வொரு பொருளையும் இரண்டிலும் நிறுத்துவிடுவீர்கள். சிறுசு தாங்குகிற வரை சிறுசின் கணக்கு. அது முட்டி நின்றால் பெருசின் கணக்கு.

32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டருக்குள் நடப்பது இதேதான். ஒரே மைக்கிலிருந்து வரும் சிக்னல் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்றில் நிறையப் பெருக்கம், பின்னால் ஒரு ஏடிசி. இன்னொன்றில் குறைந்த பெருக்கம், பின்னால் இன்னொரு ஏடிசி. முணுமுணுப்புக்கு முதலாவது, அலறலுக்கு இரண்டாவது. எதை எடுப்பது என்ற தீர்ப்பு அலை போகிற போக்கிலேயே நடந்துவிடுகிறது.

சொல்லும்போது சுலபம். ஆனால் இரண்டு தராசும் ஒரே பொருளுக்கு ஒரே எடை காட்ட வேண்டும். இம்மி பிசகினாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடத்தில் அலையில் ஒரு படிக்கட்டு விழும், அது 'டிக்' என்று கேட்கும். அலறலில் அலை வினாடிக்குப் பலநூறு முறை மேலும் கீழும் போகும் என்பதால், அத்தனை 'டிக்'கும் சேர்ந்து ஒரு புது இரைச்சலே ஆகிவிடும். அதற்கும் வழி உண்டு. நடுத்தரச் சத்தங்களை இரண்டு ஏடிசியுமே ஒழுங்காக அளக்கும். அந்த இடத்தில் இரண்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். அதைக் கழித்துவிட்டு, வெடுக்கென்று தாவாமல் ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டி மெல்லக் கலக்க வேண்டும். சேலையில் முந்தானை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் நெய்வது போன்ற வேலை. கையளவுப் பெட்டிக்குள், இரண்டு பென்டார்ச் பேட்டரியில் இது நடக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

கிடைத்த எண்ணை எழுதும் முறைதான் ஃப்ளோட். பள்ளியில் படித்த அறிவியல் குறியீடு ஞாபகம் இருக்கிறதா, 6.022 பெருக்கல் 10-இன் அடுக்கு 23 என்று? அதே சங்கதி, 10-க்குப் பதில் 2. 32 பிட்டில் 1 குறிக்கு, 8 அடுக்குக்கு, 23 எண்ணுக்கு. அடுக்கை மாற்றினால் போதும், சத்தத்துக்குத் தேவையான எவ்வளவு பெரிய எண்ணும் உள்ளே உட்கார்ந்துவிடும். இந்த முறையின் மொத்த வீச்சு 1,528 டெசிபல். விளம்பரங்களில் இந்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். பூமியின் காற்றில் உடையாமல் பயணிக்கக்கூடிய சத்தத்தின் உச்சமே சுமார் 194 டெசிபல்தான். கல்யாண அண்டாவில் ஊற்றினால் ஒரு லிட்டர் பால் பத்து லிட்டர் ஆகுமா?

சரி, அந்தக் கால்வாசி. இரட்டைத் தராசு காப்பாற்றுவது தராசில் நடக்கும் விபத்தை மட்டும். மைக்கே தாங்க முடியாமல் உடைந்தால், உடைந்த அலையைத்தான் இரண்டு தராசும் அழகாக நிறுக்கும். வயர்லெஸ் மைக்கின் ரிசீவரிலிருந்து இழுத்தாலும் அதே கதிதான், வழியிலேயே உடைந்திருக்கும். எடிட்டிங்குக்கு முன் கோப்பை 24 பிட்டாக மாற்றினால், மேலே போன உச்சிகளை நாமே வெட்டிவிடுகிறோம்.

அடுத்தது இரைச்சல். மைக்குக்குப் பதிலாக வைத்து அளக்கும் 150 ஓம் மின்தடை ஒன்றை எதனோடும் இணைக்காமல் மேசையில் வைத்தாலும், அறை வெப்பத்தில் எலக்ட்ரான்கள் நடுங்குவதால் அதன் முனைகளில் சுமார் 0.22 மைக்ரோவோல்ட் சலசலப்பு இருக்கும். மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் ஒலிக்காரர்களின் டிபியு கணக்கில் இது ஏறக்குறைய -131. எந்த ப்ரீஆம்பும் இதற்குக் கீழே போக முடியாது, இயற்கையே போட்ட கோடு. 1928-இல் ஜான்சன் இதை அளந்து வெளியிட்டார், நைக்விஸ்ட் கணக்குப் போட்டு விளக்கினார். இருவரும் தொலைபேசிக் கம்பெனியிடம் சம்பளம் வாங்கியவர்கள், ஜான்சன் அதன் பெல் ஆய்வகத்தில். ஒரு கம்பெனி தன் கம்பியில் வரும் 'உஸ்' சத்தத்தை ஆராய ஆள் வைத்திருந்தது. உடனடிப் பயன் என்ன என்று ஒரு வரியில் எழுதாவிட்டால் விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பும் நம் நிதிக் கமிட்டிகள் இதற்குப் பணம் கொடுத்திருக்குமா, எனக்குச் சந்தேகம்தான்.

ஜூம் எஃப்3 என்ற சின்ன ரெக்கார்டருக்குக் கம்பெனி சொல்லும் இரைச்சல் அளவு -127 டிபியு. இயற்கையின் கோட்டுக்குச் சில டெசிபல்தான் மேலே. 2022-இல் வந்தது, மைக் செருக இரண்டு எக்ஸ்எல்ஆர் இன்புட், கெயின் குமிழே கிடையாது. உங்கள் பட்ஜெட்டுக்கு இது போதும். நாலைந்து பேர் பேசும் காட்சிகள் என்றால் 2019-இல் வந்த எஃப்6-ஐ வாடகைக்கு எடுங்கள். கையில் பழைய 24 பிட் பெட்டி இருந்தாலும் பாதகமில்லை. மீட்டரில் உச்சி -12-ஐத் தொடும்படி வைத்துவிட்டுத் தைரியமாகப் போகலாம். வினாடிக்கு 48,000 முறை அளப்பது, அதாவது 48 கிலோஹெர்ட்ஸ், போதும். 192 வேண்டும், தங்க முலாம் கேபிள் வேண்டும் என்பதெல்லாம் பூஜையன்று கேமராவுக்குக் குங்குமம் வைப்பது மாதிரி. அதற்காவது செலவு கம்மி.

மிச்சப் பணத்தை மைக்குக்கும், அதை நடிகர் பக்கம் நீட்டிப் பிடிக்கும் பூம் கம்புக்கும் போடுங்கள். வாயிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்த மைக்கை 120-க்குத் தள்ளினால் குரல் 12 டெசிபல் இறங்கிவிடும், அறையின் எதிரொலி அப்படியே நிற்கும். எந்த ஃப்ளோட்டாலும் இதைப் பிரித்தெடுக்க முடியாது. டைல்ஸ் போட்ட வீடு என்றால் ஃபிரேமுக்கு வெளியே ஜமுக்காளத்தை விரியுங்கள், போர்வையைத் தொங்கவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். நிறுத்தும்போது உங்கள் பைக் சாவியை உள்ளே பால் பாக்கெட் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ஷூட்டிங் முடிந்து பேக்கப் சொன்னதும் வீட்டுக்குக் கிளம்பச் சாவியைத் தேடுவீர்கள் இல்லையா, அப்போது ஃபிரிட்ஜைத் திரும்பப் போட ஞாபகம் வரும்.