கமாவில் வெட்டினால் அது பார்சிங் ஆகாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. ஜாவாவில் எழுதிய ப்ரோக்ராம் ஒன்று, எந்த எரரும் காட்டாமல் மொத்தத் தொகையைக் குறைத்துக் காட்டுகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். அது படிக்கும் சிஎஸ்வி ஃபைலைத் (அட்டவணைத் தரவைக் கமாவால் பிரித்து எழுதும் ஃபைல்) திறந்தேன். வரி இப்படி இருந்தது:

1042,குமார்,"7,500"

இதில் இருப்பது மூன்று புலங்கள். சரத்தைத் துண்டாக்கும் ஸ்பிளிட் போட்டுக் கமாவில் வெட்டினால் நான்கு துண்டுகள். மூன்றாவது துண்டில் மேற்கோள் குறியும் 7-உம் மட்டும். முதலில் எண்ணாக மாற்ற முடியாமல் எக்ஸப்ஷன், அதாவது ஓடும்போது எழும் பிழை, வந்திருக்கிறது. அது நல்ல எச்சரிக்கை. எழுதியவரோ மேற்கோள் குறிகளையெல்லாம் ரீப்ளேஸ் போட்டு நீக்கிவிட்டார். எக்ஸப்ஷன் போய்விட்டது, 7,500 வெறும் 7 ஆகிவிட்டது.

"சிஎஸ்வி என்றால் கமா போட்ட டெக்ஸ்ட் தானே?" இல்லை. அந்த மேற்கோள் குறிகள் அலங்காரத்துக்கு இல்லை. அவற்றுக்குள் வரும் கமா தரவின் பகுதி. உள்ளே என்டர் தட்டிய முகவரியும் வரலாம். அப்போது ஒரு பதிவு இரண்டு வரிகளில் கிடக்கும், வரி வரியாகப் படிக்கும் ரீட்லைனே தவறாகிவிடும். மேற்கோள் குறியே தரவில் வந்தால் அதை இரட்டித்து எழுத வேண்டும். இவை எல்லாம் சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும், 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணத்தில் இருக்கின்றன. சில பக்கங்கள்தான், தயவுசெய்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்னொன்று: ஜாவாவின் ஸ்பிளிட், கடைசியில் வரும் காலிப் புலங்களைச் சொல்லாமல் விட்டுவிடும். ஸ்பிளிட்டுக்கு இரண்டாவதாகக் கொடுக்கும் லிமிட் இடத்தில் -1 கொடுத்தால்தான் அவை தங்கும். ஆனால் அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அப்பாச்சி காமன்ஸ் சிஎஸ்வி, ஓப்பன்சிஎஸ்வி என்று சோதித்துப் பார்த்த லைப்ரரிகள் இருக்கும்போது சொந்தமாக வெட்டாதீர்கள்.

அப்புறம் என்கோடிங், அதாவது எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை. ஜாவா 18-க்கு முன் இயல்பான என்கோடிங் மெஷினைப் பொறுத்தது. யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். கொடுத்த பிறகும் முதல் நெடுவரிசையின் தலைப்பு மட்டும் பொருந்தவில்லையா? அந்தச் சரத்தின் நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள். ஒன்று கூடுதலாக இருந்தால், ஃபைலின் தொடக்கத்தில் வைக்கப்படும், கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் என்ற குறி முன்னால் ஒட்டியிருக்கிறது.

எக்ஸப்ஷனைப் பிடிக்கும் கேட்ச் பிளாக்கைக் காலியாக விடவே விடாதீர்கள். படிக்க முடியாத வரியின் எண்ணை லாகில் எழுதி, அங்கேயே நிறுத்துங்கள். டெஸ்ட் ஃபைலில் மேற்கோளுக்குள் கமா, மேற்கோளுக்குள் புது வரி, காலியான கடைசிப் புலம், இந்த மூன்றையும் இன்றே சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.