மிச்சம் எங்கே போகிறது?

திருவாரூர்ப் பக்கமிருந்து எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வயல் ஒரு மாவும், அதற்கு மேல் ஒரு குழிக்குக் கொஞ்சம் குறைச்சலும் என்று தாத்தா சொல்கிறார். பட்டாவில் ஹெக்டேர் 0, ஏர் 13.50 என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?"

ஒன்றுதான். கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஆக வயல் 1,350 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 10.764 சதுர அடி, பெருக்கினால் 14,531. நம் டெல்டாவில் குழி என்றால் 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. 14,531 சதுர அடியில் ஒரு மாவுக்கு 14,400 போனால் மீதி 131. ஒரு குழிக்கு 13 சதுர அடி குறைவு. பழைய வாய்மொழியில் சொன்னால் ஒரு மா, முக்காலே அரைக்கால் குழி, அப்புறம் ஐந்து சதுர அடி. தாத்தா சொன்னது சரி.

எனக்குப் பிடித்த இடம் அந்த மீதிதான். பள்ளியில் வகுத்தல் செய்து முடித்ததும் மீதியைப் பக்கத்தில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். உண்மையில் வகுத்தலின் அழகே அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஒரு வேலி நிலத்தை மூன்று பிள்ளைகளுக்குப் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். 20 மாவை மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 6 மா, மிச்சம் 2 மா. அந்த 2 மாவை அப்படியே வைத்துக்கொண்டு வகுக்க முடியாது. 200 குழியாக மாற்ற வேண்டும். ஆளுக்கு 66 குழி, மிச்சம் 2 குழி. அதை 288 சதுர அடியாக்கினால் ஆளுக்கு 96. தீர்ந்தது, வரப்போரத்தில் சண்டைக்கு இடமே இல்லை. ஒரு குழியின் பக்கம் 12 அடி என்பதால் வந்த பலன் இது. 12-ஐ மூன்று வகுக்கும், அதனால் 144-ஐயும் வகுக்கும்.

ஒரு ஹெக்டேரை இதே மூவருக்குப் பிரித்துப் பாருங்கள். 100 ஏரில் ஆளுக்கு 33, மிச்சம் ஒன்று. அந்த ஓர் ஏரை 100 சதுர மீட்டராக்கினால் ஆளுக்கு 33, மிச்சம் ஒன்று. அதை 10,000 சதுர சென்டிமீட்டராக்கினால் ஆளுக்கு 3,333, மறுபடியும் மிச்சம் ஒன்று! எத்தனை படி இறங்கினாலும் அந்த ஒன்று கூடவே வருகிறது. பத்தை மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று. மெட்ரிக் அளவுகள் எல்லாம் பத்தின் அடுக்குகள். 0.333... முடியாமல் ஓடுவதற்குக் காரணம் இவ்வளவுதான். தசமப்புள்ளி என்பது மிச்சத்தைச் சில்லறை மாற்றும் இடம். ஒன்றை எட்டால் வகுக்க, அதைப் பத்துப் பத்தில்-ஒன்றுகளாக மாற்றுகிறோம்: 1 போக மிச்சம் 2. அதை இருபது நூறில்-ஒன்றுகளாக்கினால் 2 போக மிச்சம் 4. நாற்பது ஆயிரத்தில்-ஒன்றுகளாக்கினால் 5, மிச்சமில்லை. 0.125. நம் பாட்டிகள் அரைக்கால் என்றது இதைத்தான்.

இந்தச் சில்லறை மாற்றும் வேலையைத் தஞ்சாவூர்க்காரர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே வேறொரு எண்ணை வைத்துச் செய்தார்கள் என்பதுதான் என்னை இன்றைக்கும் சிலிர்க்க வைக்கிறது. அந்த எண் 320.

தமிழில் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. அரை, கால், அரைக்கால் நமக்குத் தெரியும். 16-இல் ஒரு பங்கு வீசம் அல்லது மாகாணி. 20-இல் ஒரு பங்கு மா. 80-இல் ஒரு பங்கு காணி. 320-இல் ஒரு பங்கு முந்திரி. கவனியுங்கள், மா என்பது முதலில் ஒரு பின்னம். வேலியில் 20-இல் ஒரு பங்கு என்பதால்தான் நிலத்துக்கும் மா என்று பெயர். வயல்வெளியில் நாம் தினமும் பின்னத்தைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முந்திரிக்குக் கீழே போக வேண்டும் என்றால்? புதுப் பெயர்கள் தேடவில்லை. 320-இல் ஒரு பங்கையே புது 'ஒன்று' என்று வைத்துக்கொண்டு, அதற்குள் அதே அரை, கால், மா, காணி எல்லாவற்றையும் மறுபடி வாசித்தார்கள். முன்னால் 'கீழ்' என்ற சொல் மட்டும் சேர்ந்தது. கீழ் அரை என்றால் 640-இல் ஒரு பங்கு. கீழ் முந்திரி என்றால் 320-ஐ 320-ஆல் பெருக்கி, 1,02,400-இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே இன்னொரு கீழ். மீட்டரை ஆயிரமாக வெட்டி மில்லிமீட்டர், அதை ஆயிரமாக வெட்டி மைக்ரோமீட்டர் என்று போகிறோமே, அதே உத்திதான். அங்கே ஆயிரம், இங்கே 320.

பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதிலிருந்து நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு எல்லாம் கழித்து, மிச்சத்துக்கு வரி குறித்திருக்கிறார்கள். சோழர் காலத்தில் வேலியில் 5242,88,00,000-இல் ஒரு பங்கு வரைக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தேன்: 320-ஐ நான்கு முறை பெருக்கி, மேலும் ஐந்தால் பெருக்கினால் அப்படியே கிடைக்கிறது. நான்கு கீழ் இறங்கி, அங்கே ஐந்தில் ஒரு பங்கு, நாலுமா! இன்றைய வேலியை வைத்துப் போட்டால் அது சுமார் அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு கேழ்வரகு மணியை வைத்தால் மறைந்துவிடும். எந்தக் கோலாலும் அதை அளந்திருக்க முடியாது. அது கணக்கில் பிறந்த அளவு. கோலில் ஒரு வீசம் நீளத்தை ஒரு வீசம் அகலத்தால் பெருக்கினாலே 256-இல் ஒரு பங்கு வந்து நிற்கிறது. அதைத் தோராயமாக்கித் தள்ளிவிடாமல் கடைசி வரை எழுதியிருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவர்களும் கணிதம் படித்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்தப் பின்னங்களை ஊர் ஊராகப் போட்டுப் பார்க்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். செலவு அதிகம் ஆகாது, நம்மைப் பற்றித் தெரியவருவது நிறைய.

மீதியைப் பற்றிப் பேசும்போது மனையடிக் கணக்கையும் சொல்ல வேண்டும். அளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து, மீதி ஒற்றைப்படை என்றால் நல்லது, இரட்டைப்படை என்றால் ஆகாது என்பார்கள். 27 அடி எடுத்துக்கொள்ளுங்கள். 81-ஐ எட்டால் வகுத்தால் மீதி 1, நல்லது. அதே சுவரை அங்குலத்தில் அளந்தால் 324. மூன்றால் பெருக்கினால் 972, எட்டால் வகுத்தால் மீதி 4, ஆகாது. சுவர் நகரவில்லை, கோல்தான் மாறியது. இதை நம்பிக் கடன் வாங்கிக் கட்டிய சுவரை இடித்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், வேதனையாக இருந்தது.

கேள்வி கேட்ட மாணவிக்கு ஒரு வேலை. உங்கள் 13.50 ஏரை மூன்றால் வகுத்தால் 4.50, மிச்சமில்லை. ஏழால் வகுத்துப் பாருங்கள். ஏழு பத்தையும் வகுக்காது, 12-ஐயும் வகுக்காது, 320-ஐயும் வகுக்காது. ஒன்றை ஏழால் வகுக்கும்போது, பத்தாக மாற்றிக்கொண்டே போனால் மிச்சங்கள் 3, 2, 6, 4, 5, 1 என்று வரும். 320-ஆக மாற்றிக்கொண்டே போனால் 5, 4, 6, 2, 3, 1. வரிசைதான் வேறு. இரண்டிலும் ஆறு படி இறங்கிய பிறகுதான் அந்த முதல் ஒன்று திரும்பி வருகிறது.