யூரிக் ஆசிட் 5.8, சரி, கால் எப்படி இருக்கு?

எங்கள் சித்தப்பா குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவர். குழித்தறியில் பாதி வேலை காலுக்குத்தான், மிதியை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு வலது கால் கட்டைவிரல் மூட்டு தக்காளி மாதிரி சிவந்து வீங்கி, போர்வை நுனி பட்டாலே அலறினார். காலையில் செருப்பு வாருக்குள் விரல் நுழையவே இல்லை. கவுட் என்கிற மூட்டுநோய்.

'உடம்புல உப்பு ஏறிடுச்சு' என்று எங்கள் பக்கம் சொல்வது முழுத் தப்பில்லை. ரத்தத்தில் யூரிக் ஆசிட் டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் சோடியம் யூரேட் என்ற உப்பு ஊசி ஊசியாக மூட்டில் படியத் தொடங்கும். (சாப்பாட்டு உப்பு வேறு, சித்தி ஒரு வாரம் ரசத்தில் உப்பே போடவில்லை, பாவம் மனுஷன்.)

சிக்கல் என்னவென்றால், லேப் சீட்டும் காலும் ஒரே கதையைச் சொல்வதில்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதே யூரிக் ஆசிட் நார்மல் என்று வரலாம். யூரிக் ஆசிட்டைக் குறைக்கிற அலோபியூரினால் மாத்திரையை ஆரம்பித்து எண் 6-க்குக் கீழே இறங்கும்போது, படிந்த உப்பு கரைவதாலேயே முதல் சில மாதங்கள் வலி அடிக்கடி வருவதும் உண்டு. அப்போ ஆள் எப்படி இருக்கிறார் என்பதை எதை வைத்து அளப்பது?

ஆளையேதான் கேட்க வேண்டும், ஆனால் ஒழுங்காக. 1980-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் மூட்டுநோய்க்காரர்களுக்காக வெளியிட்ட ஹெச்.ஏ.க்யூ. என்ற கேள்வித்தாள்தான் இதில் பிரபலம். உடுத்துவது, எழுவது, சாப்பிடுவது, நடப்பது, குளிப்பது, எட்டி எடுப்பது, பிடிப்பது, வெளிவேலை என்று 8 பிரிவு, 20 கேள்வி. கடந்த ஒரு வாரத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். கஷ்டமே இல்லை என்றால் 0, முடியவே முடியாது என்றால் 3. ஒவ்வொரு பிரிவிலும் மோசமான பதிலை மட்டும் எடுத்து, கூட்டி, 8-ஆல் வகுப்பார்கள். சித்தப்பாவுக்கு அந்த வாரம் நான் போட்டுப் பார்த்தேன்: நடப்பது 3, எழுவது 2, குளிப்பது 2, வெளிவேலை 2, உடுத்துவது 1, மற்றதெல்லாம் 0. ஆக 10, வகுத்தால் 1.25.

கேள்விகளைப் படித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். கார் கதவைத் திறக்க முடிகிறதா, பால் அட்டைப்பெட்டியைப் பிரிக்க முடிகிறதா, தொட்டியில் குளிக்க முடிகிறதா. தறி மிதி எங்கே? இதற்காகவே சம்மணம் போட்டு உட்கார்வதையும் காய்கறி வாங்கப் போவதையும் கேட்கிற 12 கேள்வி இந்திய வடிவம் ஒன்று வந்தது. அதிலும் மிதி கிடையாது, ஆனால் கழிவறையில் குந்த முடிகிறதா என்ற கேள்வி இருக்கிறது, அது போதும், அதில்தான் எங்கள் ஊர் ஆள் பாதிப் பேர் மாட்டுவார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. முடக்குவாதம் மாதிரி கவுட் தினமும் வலிக்காது. வரும், ஒரு வாரம் பத்து நாள் ஆட்டிவைக்கும், போய்விடும். மூன்று வாரம் கழித்து அதே தாளைக் கொடுத்தேன், சித்தப்பாவின் மதிப்பெண் சுத்தமாக 0. எந்த வாரம் கேட்டோம் என்பதைப் பொறுத்து அதே ஆள் முடமாகவும் தெரிவார், குத்துக்கல்லாகவும் தெரிவார். அதனால்தான் ஆய்வுகளில் எஸ்.எஃப்.36 என்ற, எந்த நோய்க்கும் பொதுவான கேள்வித்தாளையும் சேர்ப்பார்கள். அது கடந்த நான்கு வாரத்தைக் கேட்கும், உடம்போடு மனசையும் கேட்கும். எத்தனை தடவை வலி வந்தது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்வார்கள்.

எனக்குப் பிடித்தது கவுட்டுக்கென்றே செய்த கவுட் இம்பாக்ட் ஸ்கேல். 24 கேள்வி, 0 முதல் 100 வரை, ஏற ஏற மோசம். வலி இல்லாத நாட்களில் இருக்கிற பயத்தை அது கேட்கிறது: அடுத்தது எப்போது வருமோ, மாத்திரை வேறு ஏதாவது செய்துவிடுமோ. போன ஆவணியில் ஆம்பூரில் ஒரு கல்யாணம். கால் நன்றாகத்தான் இருந்தது, மண்டபப் படியைக்கூடத் தடதடவென்று ஏறினார். இலையில் பிரியாணி விழுந்ததும் குனிந்து கட்டைவிரலை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார்.