எட்டடி வேலி ஒன்றா, நாலடி வேலி இரண்டா?

நேற்று மாலை தளதளவென்று நின்ற செடி, காலையில் மொட்டையாக நிற்கிறது. திட்டத் தொடங்குமுன் குனிந்து தண்டின் நுனியைப் பாருங்கள். கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருந்தால் வந்தது முயலாக இருக்கும். நுனி பிய்ந்து நார்நாராகத் தொங்கினால் மான். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, தடித்த ஈறு மட்டும்தான். கீழ்ப்பற்களால் தழையை அந்த ஈறோடு அழுத்திப் பிடித்து, தலையை வெடுக்கென்று இழுத்துத்தான் பறிக்கும். அதனால்தான் அந்தக் கிழிசல்.

முயல் என்றால் வேலை சுலபம். இரண்டரை அடி உயரத்துக்குச் சிறுகண் கம்பிவலை கட்டி, அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணுக்குள் விட்டால் போதும். முயல் வேலியின் காலடியிலேயே தோண்டிப் பார்க்கும். மடங்கிக் கிடக்கும் வலை தடுத்ததும் கைவிட்டுவிடும். ஓரடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை.

மான் கதை வேறு. அமெரிக்கத் தோட்டங்களை மேயும் வெண்வால் மான் ஏழடி உயரத்தையும் தாண்டும். ஆகவே ஒற்றை வேலி என்றால் எட்டடி வேண்டும் என்பார்கள். சரிதான், ஆனால் அத்தனை உயரம் எழுப்பினால் வீட்டைச் சுற்றிச் சிறைச்சாலை கட்டியதுபோல் ஆகிவிடும். அதற்குப் பதில் நாலைந்து அடி உயரத்தில் இரண்டு வேலிகளை, நாலைந்து அடி இடைவெளி விட்டு அடுத்தடுத்து நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே மான் விளையாட்டாகத் தாண்டிவிடும். சேர்ந்து நின்றால் பெரும்பாலும் தயங்கி நின்றுவிடுகிறது.

காரணம் அதன் கண்ணில் இருக்கிறது. மானின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை; கண்ணின் நடுவிலுள்ள பாவையும் கிடைமட்டக் கீற்று. தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 300 பாகை பார்த்துவிடும். பின்னால் பதுங்கிவரும் எதிரியைக் கவனிக்க அருமையான ஏற்பாடு. ஆனால் இரண்டு கண்களும் ஒரே இடத்தைப் பார்க்கும் பரப்பு இதனால் குறுகிவிடுகிறது. தூரத்தை நுட்பமாக அளக்க அந்தப் பரப்புதான் தேவை. முதல் வேலிக்குப் பின்னால் இரண்டாவது எவ்வளவு தள்ளி இருக்கிறது, இடையில் காலூன்றினால் மறுபடி எம்ப இடம் இருக்குமா என்பது மானுக்குப் பிடிபடுவதில்லை. உயரமாகவும் தாண்டும், நீளமாகவும் தாண்டும். ஒரே எம்பலில் இரண்டையும் செய்வது அதற்குக் கடினம். ஒரு கால் ஒடிந்தால் காட்டில் அதோடு முடிந்தது கதை. அந்த ஆபத்தை ஒரு வாய்த் தழைக்காக அது ஏற்பதில்லை.

வேலிக் கம்பி கண்ணில் படட்டும் என்று சிவப்புத் துணி கட்டுகிறவர்கள் உண்டு. மானின் விழித்திரையில் நிறம் காணும் செல்கள் இரண்டு வகைதான்: ஒன்று நீலத்துக்கு, மற்றொன்று பச்சையை ஒட்டிய ஒளிக்கு. சிவப்பு அதற்கு எடுப்பாகத் தெரியாது. வெள்ளையோ நீலமோ கட்டுங்கள்.

மின்வேலி தோற்பதற்கும் உடலமைப்பே காரணம். அதற்கென்று உள்ள கருவி, பல ஆயிரம் வோல்ட் துடிப்பைச் சுமார் நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பலமடங்கு குறுகிய காலத்துக்கு அனுப்பும். (வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடுவது வேறு சங்கதி, அது விலங்கையும் கொல்லும், ஆளையும் கொல்லும்.) மின்னோட்டம் கம்பியிலிருந்து உடல்வழியாக மண்ணுக்கு இறங்கி, எர்த் கம்பிக்குத் திரும்பினால்தான் அடி விழும். மானின் ரோமமோ உள்ளீடற்றது, நல்ல மின்காப்பு. தாண்டும்போது கால்கள் தரையிலும் இல்லை. ஆகவே அடி விழவேண்டிய இடம் ஈரமான மூக்குதான். கம்பியில் உலோகத் தாள் சுற்றி அதில் மணமுள்ள தீனியைத் தடவி வைப்பது இதற்காகத்தான். மான் தானாக வந்து மூக்கை நீட்டும். ஒரே ஒரு பாடத்தில் படித்துவிடும்.

இனி வாசனை. அழுகிய முட்டையைக் கொண்டு செய்யும் தெளிப்பு மானை விரட்டுவதில் கெட்டிக்காரத்தனமானது. இறைச்சி செரிக்கும்போது கந்தகச் சேர்மங்கள் உண்டாகின்றன. ஊனுண்ணியின் சிறுநீரிலும் அந்த வாடை வரும். 1994-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இறைச்சி தின்ற கொயோட்டின் (ஓநாயைப் போன்ற வட அமெரிக்கக் காட்டு விலங்கு) சிறுநீர் தாவர உண்ணிகளை விலக்கியது. பழம் மட்டும் கொடுத்து வளர்த்த கொயோட்டின் சிறுநீரில் அந்த வீரியம் இல்லை. இரை பயப்படுவது எந்த விலங்கு என்பதைவிட, அது என்ன தின்றது என்பதைப் பார்த்துத்தான்! அழுகிய முட்டையில் எழுவதும் கந்தக நாற்றமே.

ஆனால் நாற்றம் அடிக்கிறது, புலி மட்டும் வருவதில்லை என்றால் மான் எத்தனை நாள் நம்பும்? கெடுதல் ஏதும் பின்தொடராத தூண்டலுக்கு நரம்பு மண்டலம் மெல்ல மரத்துப்போகிறது. சோளக்கொல்லைப் பொம்மை, மினுங்கும் பழைய சிடி, நேரம் தவறாமல் வெடிக்கும் வெடி எல்லாம் விழுவது இந்தக் குழியில்தான். நான் தொங்கவிட்ட சிடியின் கயிற்றில் ஒரு வாரத்துக்குள் மைனா உட்கார்ந்து ஊஞ்சலாடியது.

1966-இல் ஜான் கார்சியா, ராபர்ட் கோலிங் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். சுவையூட்டிய தண்ணீரை எலி குடிக்கும்போது வெளிச்சமும் சத்தமும் வரும். பிறகு குமட்டல் வரவழைத்தால் எலி சுவையைப் பழிக்கும். மின்னதிர்ச்சி கொடுத்தால் கூடவே வந்த வெளிச்சத்தையும் சத்தத்தையும் பழிக்கும். மாற்றிப் போட்டால் பாடம் ஏறுவதில்லை. சத்தமும் வெளிச்சமும் வலியோடுதான் ஒட்டிக்கொள்ளும். வலி இல்லாத சத்தம் வெறும் சத்தம். அசைவை உணர்ந்து சட்டென்று தண்ணீரைப் பீய்ச்சும் கருவி பொம்மையைவிட நீடித்து நிற்பதற்குக் காரணம், அது உண்மையிலேயே மேலே படுகிறது. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும் மீயொலிக் கருவிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த ஒலி காற்றிலேயே வேகமாகத் தேய்கிறது, இலைதழையும் மறைக்கிறது. மானுக்கு அது கேட்டாலும், கேட்பதும் பயப்படுவதும் ஒன்றல்ல.

மிளகாய்க் கரைசல் தெளித்தால் பாலூட்டிகளின் வாய் எரியும். அந்த எரிச்சலை உணரும் ஏற்பியை (நரம்பு செல்லில் உள்ள புரதம்) அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் அடையாளம் கண்டது; 2021-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பறவைகளிடமும் அந்த ஏற்பி உண்டு, ஆனால் அது மிளகாய்க் காரத்துக்கு அசைந்து கொடுக்காது. மயிலையோ கிளியையோ விரட்ட மிளகாய் தெளிப்பது வீண்வேலை. மழை பெய்தால் எல்லாருக்கும் வீண்தான். மறுபடி தெளிக்க வேண்டும்.

புதினா போன்ற மணமிக்க செடிகளை மான் ஒதுக்குவது நாக்கினால் மட்டுமல்ல. அசைபோடும் விலங்குக்குத் தழையைச் செரித்துக் கொடுப்பது வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள். மணத்தைத் தரும் எண்ணெய்கள் பலவும் அந்த நுண்ணுயிர்களை முடக்கிவிடும். பசி முற்றினால் இதையும் கடிக்கும்.

இத்தனைக்கும் பிறகு மான் உள்ளே வந்தால், வேலியின் உச்சியை அண்ணாந்து பார்க்காதீர்கள். வழி இருந்தால் மான் தாண்டுவதைவிட நுழைவதையே விரும்பும். மழைநீர் அரித்த பள்ளத்தில் ஓரடி இடைவெளி தெரிந்தாலும் முழங்காலிட்டு உடலை நுழைத்துவிடும். அங்கே கம்பி முனையில் இரண்டு ரோமங்கள் சிக்கியிருக்கின்றனவா என்று பாருங்கள்.