34 பைட் ஒப்பனை

டாஸ்பாக்ஸ் என்ற போலிக் கணினியைத் திறந்து, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் கறுப்புத் திரையில் ஒரு குட்டி நிரலை ஓட்டினேன். நானே எழுதியது, மொத்தம் 34 பைட். திரை அழியவில்லை, மினுங்கக்கூட இல்லை. ஆனால் அதில் ஏற்கெனவே இருந்த ஆங்கிலப் பெரிய ஏ எழுத்துகள் எல்லாம் ஒரே நொடியில் தமிழ் 'ப' ஆகிவிட்டன. அதன் பிறகு தட்டச்சு செய்த ஏ-க்களும் 'ப'-வாகவே விழுந்தன.

திரையில் இருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி மாற்றும் வேலை எதையும் அந்த நிரல் செய்யவில்லை. சூட்சுமம், அந்தக் காலத்துத் திரை எப்படி உருவாகிறது என்பதில் இருக்கிறது.

1987-இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏ என்ற திரை அமைப்பைக் கொண்டுவந்தது. எழுத்துகளை மட்டும் காட்டும் அதன் 'எழுத்து முறை'யில் திரை என்பது 80 பத்தி, 25 வரி, ஆக 2,000 கட்டங்கள். கட்டத்துக்கு இரண்டு பைட்: எந்த எழுத்து என்பதற்கு ஓர் எண், என்ன நிறம் என்பதற்கு இன்னொன்று. முழுத் திரையும் 4,000 பைட்டில் அடங்கிவிடும். ஏ இருக்கும் கட்டத்தில் ஏ-வின் படம் கிடையாது, 65 என்ற எண்தான் இருக்கிறது. அந்த 65 எப்படித் தோன்ற வேண்டும் என்பது நினைவகத்தின் வேறொரு மூலையில், எழுத்துருப் பட்டியலில் இருக்கிறது. விஜிஏ சில்லு நொடிக்கு 70 முறை திரையை மேலிருந்து கீழாக வரைகிறது. ஒவ்வொரு முறையும் கட்டத்தில் இருக்கும் எண்ணைப் படித்து, பட்டியலைப் புரட்டி, அந்த எண்ணுக்குரிய புள்ளிகளை எடுத்து வைக்கிறது. பட்டியலில் ஒரு வரைபடத்தை மாற்றிவிட்டால் போதும், அடுத்த சுற்றில் திரை முழுக்க மாறியிருக்கும்.

அந்த வரைபடம் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். ஓர் எழுத்துக்கு 16 வரிசை, வரிசைக்கு ஒரு பைட், அதாவது எட்டுப் புள்ளிகள். ஏ-வுக்கு மேலே இரண்டும் கீழே நான்கும் வெற்று வரிசைகள். நடுவில் இருக்கும் பத்தும் இவை:

···█···· 16
··███··· 56
·██·██·· 108
██···██· 198
██···██· 198
███████· 254
██···██· 198
██···██· 198
██···██· 198
██···██· 198

இரண்டு செங்குத்துக் கோடும் ஓர் அடிக்கோடும் போட்டால் 'ப' வந்துவிடும். 198-ஐ எட்டு முறையும் 254-ஐ இரண்டு முறையும் எழுதினேன். ஏ-வின் உடம்பில் இருந்த எண்களே போதுமானவையாக இருந்தன, புதிதாக ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

என் நிரலில் 16 பைட் இந்த வரைபடத்துக்குப் போயிற்று. மீதி 18 பைட், கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரலான பயாஸுக்கு ஒரு விண்ணப்பம்: "இதோ படம். 65-ஆம் எண்ணில் தொடங்கி ஓர் எழுத்தை மட்டும் மாற்று." 256 எழுத்துகளையும் மாற்றுவதானாலும் விண்ணப்பம் அதே அளவுதான், ஒரு பைட் குறையவும் செய்யும். படங்கள்தான் 4,096 பைட்டுக்குப் பெருகும். 1988-இல் அமெரிக்காவின் பிசி மேகசின் இதழ் வாசகர்களுக்காக ஃபாண்ட்எடிட் என்ற நிரலை வெளியிட்டது. எழுதியவர் மைக்கேல் மெஃபோர்ட். திரையிலேயே புள்ளி வைத்து எழுத்து வரையலாம். சேமிக்கும்போது அந்த எழுத்துரு தன்னைத்தானே ஏற்றிக்கொள்ளும் நிரலாகவே கோப்பாகிவிடும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

முதல் ஐபிஎம் கணினி வந்த 1981-இல் இந்த விளையாட்டுக்கு வழியில்லை. அன்றைய திரை அட்டைகளில் எழுத்துகளின் வடிவம் மாற்ற முடியாத ஒரு சில்லில் பதிக்கப்பட்டிருந்தது. 1984-இல் வந்த இஜிஏ என்ற திரை அட்டைதான் கதவைத் திறந்துவிட்டது.

'ப' வந்த தெம்பில் 'ண' வரையப் போனேன், மாட்டிக்கொண்டேன். அத்தனை சுழிகளும் எட்டுப் புள்ளி அகலத்தில் அடங்காது. இரண்டு கட்டங்களில் பாதி பாதியாக வரைந்தால் நடுவில் ஒரு புள்ளி இடைவெளி விழுந்து எழுத்து பிளந்துபோகிறது. காரணம், விஜிஏ எழுத்து முறையில் ஒரு கட்டத்தின் அகலம் எட்டல்ல, ஒன்பது புள்ளி. ஒன்பதாவது, எழுத்துகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க விடப்படும் வெற்றிடம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: 192 முதல் 223 வரையுள்ள எண்களுக்கு மட்டும் எட்டாவது புள்ளியே ஒன்பதாவதிலும் நகலெடுக்கப்படும். அவை பெட்டிகளும் சட்டகங்களும் போட உதவும் கோடுகள், இடைவெளி விழுந்தால் கோடு அறுந்துபோகும் என்பதற்காக இந்த ஏற்பாடு. என் 'ண'-வின் இடது பாதியை அங்கே குடியேற்றினேன், ஒட்டிக்கொண்டது. ஆனால் இருப்பதே 32 இடம். தமிழுக்கு எப்படிப் போதும்? கட்டத்தை எட்டுப் புள்ளியாகவே சுருக்கும்படி சில்லுக்கு உத்தரவிடவும் முடியும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ரஷ்யர்கள் இதில் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய 866 என்ற குறியீட்டுப் பட்டியல் 176 முதல் 223 வரை கைவைக்காமல், அதற்கு முன்னும் பின்னும் சிரில்லிக் எழுத்துகளைப் பிரித்து வைத்தது. நிரல்கள் வரையும் சட்டகங்கள் உடையாமல் பிழைத்தன. கீரஸ் என்ற சிறு நிரல் அந்த எழுத்துகளைத் திரையில் ஏற்றி, நினைவகத்திலேயே தங்கி, விசைப்பலகையையும் கவனித்துக்கொண்டது. இந்திய மொழிகளுக்குச் சிறு நிரல் மட்டும் போதாது என்று முடிவு செய்த இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், ஜிஸ்ட் என்ற தனி அட்டையையே கணினியில் செருகியது.

நார்ட்டன் யுட்டிலிட்டிஸ் என்ற டாஸ் கால நிரல் தொகுப்பு செய்ததோ சுத்தமான குறும்பு. எழுத்து முறையில் மவுஸ் என்பது கட்டம் விட்டுக் கட்டம் தாவும் ஒரு சதுரம். நார்ட்டனிலோ அழகான அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போகும். அம்பு எந்தக் கட்டங்களின் மேல் நிற்கிறதோ அந்த எழுத்துகளின் படத்தோடு அம்பின் படத்தையும் கலந்து, ஓய்வாகக் கிடக்கும் சில எண்களுக்குப் புதிய வடிவமாகக் கொடுத்துவிடுவார்கள். மவுஸ் நகர நகர எழுத்துரு மாறிக்கொண்டே இருக்கும்.

பாமினியில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தவர்களுக்கு இந்த வேஷத்தின் மறுபக்கம் தெரியும். 'அம்மா' என்று எழுதியது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். உள்ளே இருந்தது அதுதான். என் திரையிலும் அதே கதை. 'ப'-வாகத் தெரிந்ததை ஒரு கோப்பில் சேமித்து, டாஸ்பாக்ஸுக்கு வெளியே திறந்தேன். வரிசையாக ஏ. திரும்பி வந்து, திரை முறையை முதலிலிருந்து அமைக்கச் சொல்லும் 'மோட்' கட்டளையை அடித்தேன். பயாஸ் தன் பழைய எழுத்துருவைத் திரும்ப ஏற்றியது. 'ப' ஒன்றுகூட மிச்சமில்லை.