முதுமாணிக்குப் பணம் கட்டுமுன்

ஹட்டனில் சனி, ஞாயிறுகளில் முகாமைத்துவக் கணக்கீடு படிப்பிக்கிறேன். முதுமாணி படிக்கும் மாணவி ஒருவர், தேறிய நிகழ்காலப் பெறுமதிக் கணக்கொன்றை (பிற்காலத்தில் வரும் பணத்தை வட்டி வீதத்தால் இன்றைய பெறுமதியாக்கி, போட்ட முதலைக் கழிக்கும் கணக்கு) பிசகில்லாமல் செய்து காட்டினார். இடைவேளையில் பேசும்போதுதான் தெரிந்தது, கற்கைக் கட்டணத்துக்காக அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. எத்தனை வீத வட்டி என்று கேட்டேன்.

"தெரியாதுங்க சேர், அப்பாதான் போனாரு."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். உயர்தரம் தொடங்கிப் பட்டம் வரை நாங்கள்தான் வீதத்தை வினாத்தாளிலேயே அச்சடித்துக் கொடுத்து, விடையை மட்டும் கேட்டுப் பழக்கியிருக்கிறோம். பட்டப்பின் படிப்பில் தரவையே கேள்வி கேட்க வேண்டும். அங்கே தடுமாறுபவர்களில் பலருக்குக் கணக்கு நன்றாகவே வரும். இந்த முடிவை எடுத்தால் எந்த ரூபாய் மாறும், எது மாறாது என்று கேட்கும் பழக்கம்தான் இல்லை.

நமக்குத் தெரிந்த தொழிற்சாலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கொழுந்து, விறகு, மின்சாரம், கூலி எல்லாமாக, உற்பத்தியோடு கூடிக் குறையும் மாறுங் கிரயம் 950 ரூபாய், உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாத நிலையான கிரயத்தின் பங்கு 300 ரூபாய் என்று வைப்போம். ஒருவர் 1,100 ரூபாவுக்குக் கேட்கிறார். முழுக் கிரயம் 1,250, ஆகவே நட்டம் என்று பலரும் மறுத்துவிடுவார்கள். இயந்திரம் சும்மா கிடக்கும் மாதமென்றால் ஒவ்வொரு கிலோவும் 150 ரூபாய் பங்களிப்புத் தரும்; விலையில் மாறுங் கிரயம் போக மிஞ்சுவது அது. புத்தகம் இந்த இடத்தில் நின்றுவிடும்.

தோட்டத்தில் வளர்ந்தவர் இங்கே நிற்கக்கூடாது. நேரடிக் கூலி மாறுங் கிரயம் என்பது பாடநூல் வழக்கம். ஆனால் கொழுந்து குறைந்த காலத்திலும் செக்ரோலில் (தோட்டத்தின் வேலைநாள் பதிவேட்டில்) பேர் போட, அதாவது ஒரு நாள் சம்பளம் பதிய, வேண்டியிருக்கிறதே, அந்தக் கூலி கொழுந்தோடு கூடிக் குறைகிறதா? அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போட்டதற்காக மலையில் நடந்த வாக்குவாதத்தைச் சின்ன வயதிலேயே கேட்ட பிள்ளைக்கு இந்தக் கேள்வி இயல்பாக எழ வேண்டும். அதைத் தயங்காமல் விடைத்தாளில் எழுதுங்கள். நல்ல பரீட்சகர் தேடுவது அதைத்தான்.

மீள்நடுகையும் அப்படியே. பழைய செடியைப் பிடுங்கி, மானா அல்லது குவாத்தமாலாப் புல் போட்டு மண்ணை ஒன்றரை, இரண்டு வருடம் ஆறவிட்டு, பிறகு கன்று வைத்து ஒழுங்காகக் கொழுந்து பறிக்க ஏறத்தாழ ஐந்து வருடம் போய்விடும். ஐந்தாம் வருடம் வரும் ஒரு லட்சம் ரூபாவுக்கு, 10 வீதத்தில் இன்றைய பெறுமதி சுமார் 62,000 ரூபாய். 20 வீதத்தில் 40,000 தான். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் துணைநில் கடன்வழங்கல் வீதத்தை ஒரேயடியாக 7.5 இலிருந்து 14.5 ஆக உயர்த்தியது. செடியும் மண்ணும் அப்படியே இருக்க, கணக்கின் விடை மட்டும் தலைகீழாக மாறக்கூடும்.

இதே கண்ணால் உங்கள் படிப்பையும் பாருங்கள். கட்டணம் மட்டும் செலவல்ல. கொழும்புக்குப் போய்வரும் பஸ் காசு, தங்குமிடம், வேலையில் விட்டுக்கொடுக்கும் சம்பளம், அடகு வட்டி எல்லாம் சேரும். ஏற்கெனவே கட்டிய பதிவுக் கட்டணம் மூழ்கிய கிரயம், என்ன முடிவெடுத்தாலும் திரும்பி வராது. அதைக் காரணம் காட்டித் தொடராதீர்கள். வெளிநாட்டுப் பட்டமென்றால், அதற்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று பணம் கட்டுமுன்னரே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் விளம்பரத்தாளை நம்பி இருக்க வேண்டாம்.

மறுவாரம் அந்த மாணவி அடகுச் சீட்டைக் கொண்டுவந்தார். இருவருமாக உட்கார்ந்து உண்மையான வீதத்தைப் போட்டு, அவருடைய படிப்பின் தேறிய நிகழ்காலப் பெறுமதியைக் கணித்தோம். விடை நேர்ப்பெறுமதிதான், ஆனால் அவர் நினைத்திருந்ததில் பாதிகூட இல்லை. இரண்டாம் வருடக் கட்டணத்தைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டு அன்றே கடிதம் எழுதினார்.